அக்காவுக்கு மனப்பாடமான எண்

பேருந்தில் விளக்கை அணைத்துவிட்டார்கள். முன் இருக்கையில் அம்மா. எனக்குப் பக்கத்தில் அக்கா. அக்காவின் மடியில் அவள் மகன் உருண்டை, காலிப் பால்புட்டியின் ரப்பரைக் கடித்தபடி. மூன்று பேரும் கண்ணை மூடியிருக்கிறார்கள். உருண்டை மட்டும்தான் நிஜமாகத் தூங்குகிறான். எனக்குத் தூக்கம் வரவில்லை. யாரிடமாவது சொல்லிவிட்டால் வரும் என்று தோன்றுகிறது.

அக்காவின் கணவரை முன்பெல்லாம் மாமா என்று கூப்பிடுவேன். இப்போது வீட்டில் அவருக்குப் பெயர் ‘அந்த ஆள்’. உருண்டை பிறந்த கொஞ்ச நாளில் அந்த ஆள் அக்காவின் முன்கையை அடுப்பு மேடை விளிம்பில் வைத்து அழுத்தினார். எலும்பு முறிந்தது. மருத்துவமனையில், “வழுக்கி விழுந்துட்டா” என்று அவரே சொல்லி, அவரே கையெழுத்தும் போட்டார். அதற்கப்புறம் ஒருநாள், அவர் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அம்மா போய் அக்காவையும் குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். எங்கள் வீடு அவருக்குத் தெரியும். அதனால் அதையும் பூட்டிவிட்டு, எங்களை யாருக்கும் தெரியாத ஓர் ஊருக்கு வந்தோம். வரும் வழியிலேயே அம்மாவின் போனுக்கு அவரிடமிருந்து மெசேஜ்: ‘எங்க போனாலும் கண்டுபிடிப்பேன். இந்தத் தடவை கையோட நிக்காது.’

அம்மா அதைப் படித்துவிட்டு, போனிலிருந்து சிம்மை எடுத்து, நகவெட்டியால் நறுக்கி ஜன்னல் வழியாகப் போட்டாள். என்னுடையதையும் கேட்டாள். கொடுத்தேன்.

அந்த ஊரில் எங்களுக்குக் கிடைத்தது அச்சகத்துக்கு மேலே ஒரே ஓர் அறை. கீழே மெஷின் ஓடினால் தரை அதிரும், அலமாரியில் டம்ளர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். உருண்டைக்கு அது தாலாட்டு. மெஷின் நின்றால்தான் விழித்துக்கொண்டு அழுவான். அம்மாவுக்கு ஒரு விடுதியின் சலவைக்கூடத்தில் வேலை. நாள் முழுக்க வெள்ளைப் படுக்கை விரிப்பு தேய்ப்பாள். வந்ததும், “இன்னைக்கு ஒரு ஏக்கர் தேய்ச்சேன்” என்பாள்.

வீட்டுக்குள் அம்மா சட்டம் போட்டாள். போட்டோ எடுக்கக் கூடாது, யார் எடுத்தாலும் நிற்கக் கூடாது. பள்ளியில் வகுப்பு போட்டோ எடுத்த அன்று எனக்கு வயிற்றுவலி. எதிலும் பழைய முகவரி எழுதக் கூடாது. வீட்டுக்கு ஒரே ஒரு புது சிம், அது அம்மாவிடம். அச்சகக்காரர் வாடகைக்கு அடையாள அட்டை நகல் கேட்டபோதுகூட அம்மா மசியவில்லை.

“ஒரிஜினலைக் கண்ணால பாத்துக்குங்க. காப்பி தரமாட்டேன்.”

“ஏம்மா, நான் என்ன அதை ஃப்ரேம் போட்டு மாட்டவா போறேன்?”

“நீங்க மாட்டமாட்டீங்க. உங்க மேஜையில கிடக்கும். மேஜைக்கு வர்றவங்க எல்லாரும் நல்லவங்களா?”

அவர் அம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம் கோணலாகச் சேர்ந்திருந்த அக்காவின் முன்கையைப் பார்த்தார். சாவியை எடுத்துக் கொடுத்தார்.

இப்படி எல்லாப் பக்கமும் அடைத்தோம். அக்காவின் நாக்கில் ஒன்று உட்கார்ந்திருப்பது யாருக்கும் தோன்றவில்லை, அக்காவுக்கே தோன்றவில்லை.

அந்த வீட்டில் அக்காவுக்கென்று போன் கிடையாது. “உன்னை யார் கூப்பிடப் போறாங்க?” என்பாராம். கேஸ் சிலிண்டர் பதிவு செய்ய, தடுப்பூசி போட, கரண்ட் பில் கட்ட, எங்கே போய் நின்றாலும் அவருடைய எண்தான். கல்யாணம் ஆன நாளிலிருந்து, “நம்பர் சொல்லுங்க” என்று யார் கேட்டாலும் அக்கா அந்த எண்ணைத்தான் சொல்லி வந்திருக்கிறாள். யோசித்துச் சொல்வதில்லை. தும்மல் மாதிரி தானாக வரும்.

உருண்டைக்குச் சாதாரணப் பால் ஒத்துக்கொள்ளாது. குடித்தால் உடம்பெல்லாம் தடித்துப்போய், வெளிக்குப் போகும்போது ரத்தம் வரும். டாக்டர் எழுதிக்கொடுத்த ஒரு பால் மாவு இருக்கிறது. அது பச்சை போர்டு வைத்த மருந்துக் கடைகளில் மட்டும்தான் கிடைக்கும். ஊருக்கு ஒரு கிளை வைத்திருக்கிறார்கள். முதல் டப்பாக்களை அம்மாதான் வாங்கினாள். நம்பர் கேட்டால், “போனே இல்ல தாயி, புறாதான் விடுவேன்” என்று சொல்லிச் சிரிக்க வைத்துவிட்டு வந்துவிடுவாள்.

அன்றைக்கு அம்மாவுக்கு வேலை முடியவில்லை. அக்காவும் நானும் போனோம். வரிசை நீளம். உருண்டை அக்காவின் தோளில் தொங்கிக்கொண்டு, கடையே இரண்டாகப் பிளக்கும்படி கத்தினான். பில் போடும் பெண் திரையிலிருந்து தலையைத் தூக்காமல், “நம்பர்?” என்றாள்.

அக்கா சொல்லிவிட்டாள்.

கடைசி நான்கு இலக்கம்தான் என் காதில் விழுந்தது. அது போதும், யாருடையது என்று தெரிந்துவிட்டது. அக்காவின் கையைப் பிடித்து இழுத்தேன். அவளுக்கு இன்னும் உறைக்கவில்லை.

“சாரோட அக்கவுண்ட்டா?” என்றாள் அந்தப் பெண், சிரித்தபடி. “பாயின்ட் நிறைய சேர்ந்திருக்கே. பில்லு மெசேஜா போயிடும்க்கா.”

அக்காவின் முகத்தை அப்போது பார்த்தேன். கை முறிந்த அன்று மருத்துவமனையில்கூட அவள் முகம் அப்படி இருக்கவில்லை.

“கேன்சல் பண்ணுங்க,” என்றாள்.

“போயாச்சுக்கா.”

“அதுல என்ன இருக்கும்?”

“என்ன இருக்கும், நன்றின்னு இருக்கும். வாங்கின சாமான், கிளை பேரு, நேரம். ஏன்க்கா?”

திரும்பி வரும்போது அக்கா தன் உதட்டில் தானே அடித்துக்கொண்டே வந்தாள். தெருவில் எல்லோரும் பார்த்தார்கள்.

அம்மா திட்டவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு, எங்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு நேராக அதே கடைக்குப் போனாள். கடையில் மருந்து எடுத்துத் தரும் ஆள் ஒருவர் உண்டு. மூக்குக்கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றிவிட்டு, அதைத் தேடிக்கொண்டே இருப்பார். நாங்கள் அவருக்குக் கண்ணாடி அண்ணன் என்று பெயர் வைத்திருந்தோம். அம்மா அவரைத் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னாள். அவர் கேட்டுக்கொண்டே அக்காவின் கையைப் பார்த்தார். எல்லோரும் கடைசியில் அங்கேதான் பார்க்கிறார்கள்.

“என்னால அழிக்க முடியாதும்மா. அந்தப் பட்டனே எங்ககிட்ட கிடையாது. தலைமை ஆபீஸ்ல இதுக்குன்னு ஒரு பிரிவு இருக்கு. பேசிப் பாருங்க,” என்று தன் போனிலேயே எண்ணைப் போட்டு, ஸ்பீக்கரை அழுத்தி மேஜையில் வைத்தார்.

நிறைய நேரம் பாட்டு ஓடியது. நடுநடுவே ஒரு குரல், ‘உங்கள் தனியுரிமை எங்களுக்கு மிக முக்கியம்’ என்றது. அப்புறம் ஒரு பெண் வந்தாள். நல்ல குரல். எங்கள் பள்ளி ஆசிரியைகளில் ஒருத்திக்குக்கூட அவ்வளவு நல்ல குரல் இல்லை.

“தகவல் பாதுகாப்புப் பிரிவு. சொல்லுங்க மேடம்.”

“ஒரு நம்பரை அழிக்கணும்மா. அதுல நேத்து போட்ட பில்லையும்,” என்றாள் அம்மா.

“உங்க அக்கவுண்ட்டா மேடம்?”

“என் மருமகனோடது.”

“அப்போ அவர்தான் கேக்கணும்.”

“அவன்கிட்டேருந்து மறைக்கத்தான்மா கேக்கறேன்.”

“மேடம், சட்டப்படி அது அவருடைய தனிப்பட்ட தகவல். அவர் சம்மதம் இல்லாம நாங்க ஒரு எழுத்தைக்கூடத் தொட முடியாது. அது மட்டுமில்ல, அவர் அக்கவுண்ட்ல என்ன இருக்குன்னு உங்ககிட்ட நான் பேசறதே தப்பு.”

“வாங்கினது என் பொண்ணு. குடிக்கறது என் பேரன். காசு நான் தேய்ச்சு சம்பாதிச்சது. இதுல அவனோடது எது?”

“நம்பர், மேடம்.”

அம்மா போனை இன்னும் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.

“கோர்ட் உத்தரவு ஏதாவது வச்சிருக்கீங்களா?” என்று கேட்டாள் அந்தப் பெண்.

“கோர்ட்டுக்குப் போனா மொதல்ல முகவரி எழுதுன்னுவாங்க. அதுல ஒரு காப்பி அவனுக்கும் போகுமே.”

“புரியுது மேடம்.” நிஜமாகவே புரிந்த மாதிரிதான் இருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டாள். “நான் ஒண்ணு பண்றேன். அழிக்கச் சொல்லி ஒரு கோரிக்கையா பதிவு போடறேன். மேல இருக்கறவங்க பார்வைக்காவது போகும். ஒரு நிமிஷம்.”

விசைகள் தட்டும் சத்தம். அக்கா உருண்டையின் முதுகைத் தட்டிக்கொடுத்துக்கொண்டே இருந்தாள், அவன் அழாதபோதும்.

“ஆச்சு மேடம். சரிபார்க்க ஒரு ஓடிபி வந்திருக்கும் பாருங்க. அதைச் சொல்லுங்க.”

“எங்க வந்திருக்கும்?”

“பதிவு பண்ணின நம்பருக்கு…”

சொல்லி முடிக்கும்போதே அவளுக்கும் புரிந்துவிட்டது. கண்ணாடி அண்ணன் மேஜையில் நெற்றியை வைத்துக்கொண்டார். கண்ணாடி கீழே விழுந்தது.

“மேடம், சிஸ்டம் தானா அனுப்பும் மேடம். நான் வேணும்னு பண்ணல.”

“அதுல என்ன எழுதியிருக்கும்?” என்று கேட்டது அக்கா. அன்று கடையில் அவள் பேசியது அது ஒன்றுதான்.

“உங்க தகவலை அழிக்கச் சொல்லி இந்தக் கிளையிலேருந்து கோரிக்கை வந்திருக்கு. நீங்க கேக்கலேன்னா உடனே எங்களைத் தொடர்பு கொள்ளுங்கன்னு.”

வெளியே வந்து படியில் உட்கார்ந்தோம். அம்மா, “கேட்டிருந்தா அவன் கிளம்பி வர்றதுக்கு டிக்கெட்டும் போட்டுக் கொடுத்திருப்பா, மகராசி,” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. அக்காவுக்கும் வந்தது. சிரித்துக்கொண்டே இருந்தவள், எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் அழ ஆரம்பித்துவிட்டாள்.

உடனே ஊரை விட்டுப் போயிருக்கலாம். ஆனால் அம்மாவுக்குச் சம்பள நாள் வரவில்லை, எனக்குப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. “அவனுக்குத் தினம் நூறு மெசேஜ் வரும். எதையும் படிச்சிருக்க மாட்டான்,” என்றாள் அம்மா. “படிப்பார்மா,” என்றாள் அக்கா. “அவர் எல்லாத்தையும் படிப்பார்.” அதற்கப்புறம் அம்மா தினமும் சாப்பாட்டு வேளையில் சலவைக்கூடத்துப் போனிலிருந்து அந்தப் பிரிவைக் கூப்பிட்டாள். கோரிக்கை பரிசீலனையில் இருப்பதாகச் சொன்னார்கள். நான் பிறந்த தேதியைக்கூடத் தப்பாகச் சொல்லும் அம்மாவுக்கு அந்தப் பிரிவின் எண் மனப்பாடமாகிவிட்டது. ராத்திரி சாப்பாடு போடும்போது மூக்கால் பேசிக் காட்டுவாள்: “உங்கள் தனியுரிமை எங்களுக்கு மிக முக்கியம். இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா?”

அடுத்த டப்பாவை வேறு ஊர்க் கிளையில் வாங்குவது என்று முடிவாகியிருந்தது. அம்மாவின் விடுமுறை நாள் வரை இருக்கிற மாவு தாங்கும் என்று கணக்கு. இன்று காலையில் உருண்டை, பிடித்துக்கொண்டு நிற்கப் பழகுகிறானே, அலமாரிக் கதவைப் பிடித்து எழுந்து, டப்பாவைத் தலைகீழாகத் தள்ளிவிட்டான். தரையெல்லாம் மாவு. நடுவில் வெள்ளைப் பூனைக்குட்டி மாதிரி உட்கார்ந்துகொண்டு கை தட்டினான். அக்காவும் நானும் மண்டியிட்டு, மேலாக இருந்ததை மட்டும் கரண்டியால் வழித்தோம். இரண்டு புட்டிக்கு வந்தது.

“நான் ஓடிப்போய் வாங்கிட்டு வந்துடறேன்,” என்றேன்.

“அந்தக் கடை வேண்டாம்டி.”

“மாஸ்க் போட்டுக்கறேன். மருந்துக் கடையில மாஸ்க் போட்டா யாரு பாக்கப் போறாங்க? நம்பர் கேட்டா புறா.”

அவள் உருண்டையைப் பார்த்தாள். அவன் அடுத்த புட்டிக்குக் கையை நீட்டினான். “சீக்கிரம் வந்துடு,” என்றாள்.

கடைக் கதவைத் தள்ளினால் ஒரு மணி அடிக்கும். உள்ளே கூட்டமில்லை. பிரிண்டர் ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி அண்ணன் யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார்: “வந்துட்டிருக்கு சார். உங்க விவரத்தை நீங்க கேட்டா தந்துதான் ஆகணும், அது உங்க உரிமை. உட்காருங்க.”

ரத்த அழுத்தம் பார்க்கிற நாற்காலியில், எனக்கு முதுகைக் காட்டி ஒருவர் உட்கார்ந்திருந்தார். பிடரியில் முடி நேர்கோடாக வெட்டியிருந்தது. காலை ஆட்டிக்கொண்டிருந்தார், குதிகாலால் தரையைத் தட்டித் தட்டி. சாப்பாடு வரத் தாமதமானால் அப்படித்தான் தட்டுவார். அந்தச் சத்தம் கேட்டாலே அக்கா அடுப்படியில் ஓட ஆரம்பிப்பாள். நானே பார்த்திருக்கிறேன்.

கண்ணாடி அண்ணன் என்னைப் பார்த்தார். மாஸ்க்குக்கு மேலே என் கண் மட்டும்தான் தெரிந்திருக்கும். நான் இன்னும் வாயே திறக்கவில்லை.

“அந்த இருமல் மருந்து ஸ்டாக் இல்லம்மா,” என்றார் சத்தமாக. “இந்தக் கிளையிலேயே இனிமே வராது. வீட்டுல சொல்லிடு. இதுக்காக யாரும் இங்க அலைய வேண்டாம்.”

அவர் தலைக்குப் பின்னால் உருண்டையின் பால் டப்பாக்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு குண்டுக் குழந்தை சிரித்துக்கொண்டிருந்தது.

நான் திரும்பி நடந்தேன். ஓடக் கூடாது, ஓடக் கூடாது என்று காலிடம் சொல்லிக்கொண்டே நடந்தேன். கதவைத் தள்ளினேன், மணி அடித்தது. தெருமுனைக்குப் போவதற்குள் பின்னால் இன்னொரு தடவை மணி அடித்தது.

திரும்பிப் பார்க்கவில்லை. வீட்டுப் பக்கமும் போகவில்லை. அரசு மருத்துவமனைக்கு இரண்டு வாசல் உண்டு. முன்வாசலில் நுழைந்து, வெளிநோயாளிகள் பெஞ்சில் ஒரு கர்ப்பிணிக்கும் கால் கட்டுப் போட்ட ஒருவருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். வருகிறவர்களின் செருப்பை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன். முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை. கூட்டம் கலைந்து, பெருக்குகிற பெண், “உனக்கென்ன நோவு?” என்று கேட்கும்வரை இருந்தேன். அப்புறம் பின்வாசல் வழியாக, சுற்றிச் சுற்றி வீட்டுக்கு வந்தேன்.

அம்மாவும் வந்துவிட்டிருந்தாள். சொன்னேன். கடையில் அவர் இருந்ததை, தன் கணக்கின் விவரம் எல்லாவற்றையும் அச்சடித்து வாங்கிக்கொண்டிருந்ததை, எல்லாவற்றையும் சொன்னேன்.

“உன்னைப் பாத்தானா?” என்றாள் அம்மா.

“இல்ல. முதுகைக் காட்டிட்டு இருந்தார்.”

இரண்டாவது மணியைச் சொல்லவில்லை. ஏன் என்று எனக்கே தெரியவில்லை. சொன்னால் அது நிஜமாகிவிடும் என்றிருந்தது. என் பின்னாலேயே அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டேன் என்று ஆகிவிடும்.

“அப்போ வீடு தெரியாது. சம்பளத்தை வாங்கிட்டு நாளன்னைக்குக் கிளம்பலாம்,” என்றாள் அம்மா. விளக்கை அணைத்துப் படுத்தோம். மெஷின் நின்றிருந்தது. கீழே அச்சகத்தின் ஷட்டரை யாரோ ஒரு தடவை தட்டினார்கள். மறுபடி தட்டவில்லை. எனக்கு அதற்குமேல் முடியவில்லை.

“அக்கா. நான் வெளிய வந்தப்புறம் கடை மணி இன்னொரு தடவை அடிச்சுது.”

“தெரியும்.”

“எப்படித் தெரியும்?”

“நீ வந்ததுலேருந்து கதவையே பாத்துட்டிருக்கே. எழுந்திரு.”

அவள் போர்வையை விலக்கினாள். காலில் செருப்பு போட்டுத்தான் படுத்திருந்தாள். பையும் கட்டித் தலைமாட்டில் இருந்தது. அம்மா எழுந்து உருண்டையைத் தூக்கினாள். சம்பளத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. அச்சகத்தின் பின்கதவு வழியாக, காகிதக் கட்டுகளுக்கு நடுவே, சுவரைத் தடவிக்கொண்டு இறங்கினோம்.

பேருந்து நிலையத்தில் ஒரே ஒரு கவுன்ட்டர் திறந்திருந்தது. உள்ளே இருந்தவர் கொட்டாவி விட்டுக்கொண்டே பெயர் கேட்டார். அம்மா வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொன்னாள்.

“நம்பர்?”

அக்காவின் வாய் திறந்தது. நான் பார்த்தேன், முதல் இலக்கம் வந்தேவிட்டது. அவள் தன் கையை எடுத்து வாயில் வைத்து, கடித்துக்கொண்டாள்.

“நம்பர் இல்லைங்க,” என்றாள் அம்மா.

“நம்பர் இல்லாம சிஸ்டம் எடுக்காதும்மா. சீட்டு விவரம் அதுக்குத்தான் போகும். கடைசி வண்டி இது, சீக்கிரம் சொல்லுங்க.”

அம்மாவின் புது எண்ணைச் சொல்லியிருக்கலாம். அம்மா சொல்லவில்லை. இனி எந்தக் கவுன்ட்டரிலும் சொல்லமாட்டாள். ஒரு நொடி யோசித்துவிட்டு, ஒவ்வோர் இலக்கமாக, நிறுத்தி நிதானமாக, அந்தத் தகவல் பாதுகாப்புப் பிரிவின் எண்ணைச் சொன்னாள்.

“மெசேஜ் போயிடுச்சு,” என்றார் அவர்.

“போகட்டும்,” என்றாள் அம்மா. “அந்தப் பொண்ணு படிச்சு பத்திரமா வச்சிருப்பா.”

நாங்கள் யாரும் சிரிக்கவில்லை.

இப்போது பேருந்து ஏதோ ஒரு பாலத்தின்மேல் போகிறது. எங்களை முந்தாமல் பின்னாலேயே வரும் வண்டிகளை எண்ணிக்கொண்டிருந்தேன், விட்டுவிட்டேன். போகிற ஊரிலும் ஒரு பச்சை போர்டு இருக்கும். விடிந்தால் உருண்டைக்குப் பசிக்கும்.

அக்கா கண்ணை மூடியிருக்கிறாள், ஆனால் உதடு அசைகிறது. காதைப் பக்கத்தில் கொண்டுபோய்க் கேட்டேன். அம்மா கவுன்ட்டரில் சொன்ன எண்ணை மனப்பாடம் செய்கிறாள். பாதி வரை சரியாகப் போகிறது. அதற்கப்புறம் அவளுக்குத் தெரியாமலேயே அது அந்த ஆளின் எண்ணாக மாறிவிடுகிறது. நாக்கைக் கடித்துக்கொள்கிறாள். மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறாள்.